தென்மேற்கைப் பார்க்கும் கம்பி

ஞாயிறு மாலை ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அருளானந்தம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். மின்விசிறி நிற்கும். சமையலறையிலிருந்து மனைவி ரோசா, “ஆரம்பிச்சாச்சா?” என்பார். டியூப்லைட் சோக்கு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாமே ரேடியோவில் இரைச்சலைக் கொட்டும் எதிரிகள் இவருக்கு. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஓடும்.

எங்கள் உப்பளம் பகுதியில் அவர் மொட்டைமாடிக் கம்பியைத் தெரியாதவர் இல்லை. உளவு பார்க்கிறார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. உளவாளிக்கு இவ்வளவு தொப்பை ஆகாது என்று நான் அடித்துச் சொல்லியிருக்கிறேன். ரேடியோப் பெட்டி என்று எதுவும் கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு, தனியாக வாங்கிய சவுண்டு கார்டு; மீதி வேலையைக் கணினியில் உள்ள மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மூன்று போர்டு மாற்றிய பிறகுதான் புத்தி வந்ததாம். “போர்டு எவ்ளோ ஒசத்தியா இருந்தா இன்னா சார்? அன்டெனா சரியில்லன்னா, கண்ண மூடிக்கினு கண்ணாடி போட்ட கததான்.”

இரண்டு மூங்கில், முப்பத்து மூன்று அடி செம்புக் கம்பி, நடுவில் கேபிள். கம்பி கைப்பிடிச் சுவரோடு ஒத்துப்போகாமல் கோணலாக ஓடும். அதன் பக்கவாட்டு தென்மேற்கைப் பார்க்க வேண்டும்; முனைப் பக்கமிருந்து வரும் அலையை அது பிடிக்காது. அந்தத் திசையில், கடல் தாண்டி, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவு. அங்கே இருக்கும் தம்பி தேவதாஸ், ரேடியோவில் பேச உரிமம் பெற்றவர். ஞாயிறுதோறும் சிங்கப்பூர் நண்பர் ஒருவரோடு தமிழில் பேசுவார். கம்பியின் முனை சிங்கப்பூர்ப் பக்கம் நீண்டிருப்பதால் அந்த நண்பரின் குரல் இங்கே விழாது. அருளானந்தத்துக்கு அது தேவையுமில்லை.

“பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தா நீங்களும் பேசலாமே?” என்றேன், பெரிய யோசனை சொல்கிறவன் மாதிரி.

“பேச ஃபோனே இருக்குதே சார். நம்பரும் இருக்குது.” மௌசை வேட்டியில் துடைத்தார். “அம்மா போனப்ப அவனுக்குச் சொல்லல. பிரான்ஸ் பாஸ்போர்ட்டு வாங்கினவன் எங்க வரப்போறான்னு நானே முடிவு பண்ணிட்டேன். நாப்பதாம் நாள் பூசைக்கு அப்புறம் யார் மூலமாவோ தெரிஞ்சிக்கினான். ‘ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா’ன்னு ஒரு லெட்டர், அவ்ளோதான். பன்னண்டு வருஷம் ஆச்சு. எந்த மூஞ்ச வச்சிக்கினு பேசுறது?”

கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கு ஆகிவிட்டது.

திரையில் நீலத்துக்கு நடுவே மெல்லிய மஞ்சள் பட்டை இறங்கியது. “வுவாலா, வந்துட்டான்!” என்றார். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில்; ‘இதோ’ என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். குரல் தேய்ந்து தேய்ந்து மீண்டது. முழங்கால் வலி, தோட்டத்து மாமரம் என்று ஏதேதோ. நடுவில் அலை மங்கியிருக்க வேண்டும், சிங்கப்பூர்க்காரரிடம் தேவதாஸ் திரும்பத் திரும்பக் கேட்டார்: “நான் பேசுறது கேக்குதா? கேக்குதா?”

அருளானந்தம் திரைக்கு அருகே குனிந்தார்.

“கேக்குதுடா,” என்றார்.