வீடு காட்டுகிறவள்

தென்காசியிலிருந்து குத்துக்கல்வலசைப் பக்கம் போனால், வயலாகக் கிடந்த இடமெல்லாம் இப்போது கல் ஊன்றிய பிளாட். அங்கே எழும்புகிற வீடுகளில் பாதிக்குச் சொந்தக்காரர்கள் ஊரிலேயே இல்லை. துபாய், மஸ்கட், குவைத் என்று ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறார்கள். அங்கே வெயிலில் வெந்து சம்பாதித்து இங்கே சுவர் வைக்கிறார்கள். அந்தச் சுவர் நேராக நிற்கிறதா கோணலாக நிற்கிறதா என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறவள்தான் உலகம்மாள். பொழுதுபோக்குக்கு அல்ல, அதையே தொழிலாக்கி நாலு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாள். கொத்தனார்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் டிவிக்காரி. முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

தொழில் பிறந்தது கோபத்தில். புருஷன் பேச்சிராஜ் மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்க்கிறான். கடைசி லீவில் வந்தபோது பிளாட் வாங்கி, வாசக்கால் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, காண்ட்ராக்டரையும் பேசிவிட்டுப் போனான். காண்ட்ராக்டர் வாரம் தவறாமல் அவனுக்குப் போட்டோ அனுப்பினான். ஒருநாள் பேச்சிராஜ் போன் போட்டு, ஜன்னல் உயரம் தாண்டிவிட்டது போலிருக்கிறதே, நீ போய்ப் பார்த்தாயா என்று சந்தோஷமாகக் கேட்டான். உலகம்மாள் போய்ப் பார்த்தால் சுவர் இடுப்பளவுதான் நிற்கிறது. போட்டோவில் இருந்தது எவன் வீட்டுச் சுவரோ! அவள் அங்கேயே நின்று வீடியோ காலைப் போட்டு, நாலு மூலையையும் புருஷனுக்குக் காட்டினாள். பிறகு போனைக் காண்ட்ராக்டர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் முகம் போன போக்கைப் பேச்சிராஜ் மஸ்கட்டில் இருந்தபடியே பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு பொய்ப் போட்டோ ஒன்றுகூடப் போகவில்லை.

பக்கத்துப் பிளாட் சுரண்டைக்காரர் ஜெபசிங்குடையது. அவர் இருப்பது துபாயில். சங்கதி காதுக்கு எட்டியதும், எங்கள் சைட்டையும் ஒரு எட்டு காட்டும்மா என்று கேட்டார். அது குற்றால சீசன் நேரம். அவர் வீட்டுக்கு மேல்தளம் போட்டு முடித்திருந்தார்கள். கான்கிரீட் போட்டால் மேலே வரப்பு மாதிரிப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அப்போதுதான் இறுகும். ஆனால் சீசன் வந்தால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சோம்பேறித்தனம் வந்துவிடும். சாரல்தான் விழுகிறதே, அதுவே நனைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். கொத்தனார் சொரிமுத்துவும் அதையேதான் சொன்னார். சாரல் விழும்தான், யார் இல்லை என்றது? அதன் கூடவே செங்கோட்டைக் கணவாயிலிருந்து ஒரு காற்று வருமே, அது நனைந்ததையெல்லாம் அடுத்த நிமிஷமே துடைத்துக்கொண்டு போய்விடும். உலகம்மாள் நெல் போட்ட வீட்டுப் பெண், அந்தக் காற்றை அவளுக்குத் தெரியும். தளத்தின் மேல் ஏறி, தலைமுடி கனத்தில் ஓடிக்கிடந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாகப் போனில் காட்டினாள். அன்றைக்கு மத்தியானமே பாத்தி கட்டித் தண்ணீர் நின்றது.

ஜெபசிங் சும்மா இருக்கிற ஆளா? கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருத்தர், கடையநல்லூர்க்காரர் ரெண்டு பேர் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். உலகம்மாள் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். முதல் ஆளாக, பேச்சிராஜுக்குத் தங்கை முறையான இசக்கிசெல்வியை வேலைக்கு வைத்துக்கொண்டாள். ரசமட்டத்தைச் சுவரில் வைத்து அதன் குமிழியைக் கேமராவுக்கு நேரே பிடிப்பது, ஒட்டிய டைல்ஸை நாணயத்தால் தட்டி உள்ளே பொள்ளலாகக் கிடக்கிறதா என்று சத்தத்தைப் போன் வழியாகவே கேட்க வைப்பது, ஒவ்வொரு தடவையும் கேட்டிலிருந்து தொடங்கி ஒரே வழியாக நடப்பது எல்லாம் உலகம்மாள் தானாகக் கண்டுபிடித்த வேலைகள். போனில் எதிராளி முகத்தைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளிவிட்டு, சுவரைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கை ஆடிவிடும், வெடிப்பு தெரியாது.

சின்னதாக ஒரு கடை பிடித்து அதற்குப் போர்டு வைத்தபோது என்ன எழுதலாம் என்று ரொம்ப யோசிக்கவில்லை. ‘நீங்கள் வர வேண்டாம், நாங்கள் காட்டுகிறோம்’ என்று எழுதச் சொன்னாள். அதைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது. சிலபேர் சைட்டைப் பார்த்து முடித்ததும், அப்படியே அருவியையும் காட்டிவிடு தாயி என்பார்கள். அவளும் ஐந்தருவிக்கு வண்டியை விடுவாள். போன் கண்ணாடியில் சாரல் தெறிக்கும், அந்தப் பக்கம் ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஜெபசிங் வீடு பிரதிஷ்டை நடந்த அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் தடவையாக என்னவோ செய்தது. சர்ச் ஐயர் ஜெபம் பண்ணினார், பாட்டு பாடினார்கள், பிரியாணி போட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார். வந்தவர்கள் குனிந்து குனிந்து அதனிடம் பேசிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒரு பிள்ளை நாற்காலி வேண்டும் என்று போனை எடுத்து ஜன்னல் திட்டில் கவிழ்த்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஜெபசிங் அவளைக் கூப்பிட்டு, நேரில் வந்த மாதிரியே இருந்தது, டிக்கெட் காசு மிச்சம் என்று நன்றி சொன்னார். அவளுக்குத்தான் அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் அவளுக்கும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடு முடியட்டும், மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சிராஜ் விமானம் ஏறினான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை ஓட்டம் ஓடினாள். அவன் வருஷத்துக்கு வருஷம் லீவைக்கூடப் பணமாக வாங்கி அனுப்பினான். அது கல்லாகவும் கம்பியாகவும் போனது. மகள் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வாடகை வீட்டில் உலகம்மாள் தனியாகக் கிடந்தாள். தினமும் சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டு, மற்ற ஆட்களுக்குக் காட்டுகிற மாதிரியே கட்டடத்தைக் காட்டுவாள். பூச்சு முடிந்தது, பார்த்தீர்களா? வயர் இழுத்தாயிற்று, பார்த்தீர்களா? ஒவ்வொரு வேலை முடியும்போதும் அவன் ஒரு அடி கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி அவளுக்கு இருக்கும். மொட்டைமாடியில் நின்றால் குற்றாலத்து மலை தெரியும். சீசனில் மேகம் இறங்கும்போது அவனோடு அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை, பெரிதாக ஒன்றுமில்லை.

ஆடி கழிந்து வீடு முடிந்தது. ஆவணியில் பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டு அவள் அவனைக் கூப்பிட்டாள். அவன் இழுத்தான். கம்பெனியில் ஆள் இல்லை என்றான். மேலே ஒரு மாடி எடுத்துவிட்டால் வாடகைக்கு விடலாமே என்றான். அப்படியானால் எப்போதுதான் வருவீர்கள் என்று அவள் கேட்டதும், சமாதானம் பண்ணுவதாக நினைத்து ஒன்று சொன்னான்.

"நீதான் எல்லாருக்கும் காட்டுதியே, எனக்குக் காட்ட மாட்டியா? பாலு பொங்குறத நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன். அங்கன வந்து எனக்கு என்னட்டி வேல, எல்லாம் நீயே பாத்துக்கிடுத!"

ஊர்க்காரர்களுக்கெல்லாம் அவள் விற்ற சரக்கு அது. அதையே திருப்பி அவள் மடியில் கொட்டிவிட்டான்.  அவனைத் திட்டுவதா, தன்னைத் திட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பாலும் காய்ச்சல, ஒண்ணும் காய்ச்சல. வீட்ட இனிமே காட்ட மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சொன்னபடியே செய்தாள். புது வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பால் காய்ச்சாத வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்னென்னவோ பேசினார்கள். அவன் கூப்பிட்டால் வீடியோ கிடையாது, சாப்பிட்டியளா, வச்சிருதேன், அவ்வளவுதான். பகலெல்லாம் மற்றவர்கள் வீட்டைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனைத் தேடும். அப்போது அவன் குரல் வேண்டும் என்று இருக்கும். அழுவாள், அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்வாள். வீம்பை மட்டும் விடவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய ஒருநாள் இசக்கிசெல்வி கடைக்குள் வந்து, தயங்கித் தயங்கி நின்றாள்.

"மைனி, ஒரு சைட் விசிட் வந்திருக்கு. நம்ம அண்ணந்தான் கேட்டிருக்காவ. எல்லாரும் கட்டுத மாதிரி காசும் கட்டிட்டாவ."

உலகம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் கம்பெனியை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறாரா? பிறகு, காசு கட்டிய ஆளுக்குக் காட்டாமல் இருந்தால் தொழிலுக்கு மரியாதை இல்லை என்று சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். கதவைத் திறந்துவிட்டுவிட்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போய் அடுப்படித் திட்டில் உட்கார்ந்துகொண்டாள். இசக்கிசெல்வி தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி கேட்டிலிருந்து ஆரம்பித்தாள். கார் நிறுத்துகிற இடம், வாசக்கால், ஹால். ஹாலுக்கு வந்ததும் அவன் குரல் கேட்டது. வெறும் வீட்டில் அது எங்கும் முட்டிக்கொண்டு வந்தது.

"யம்மா இசக்கி, செவரு கெடக்கட்டும். அவ அங்கன இருக்காளா? அவளக் காட்டு."

இசக்கிசெல்விக்கு இது புதுசு. எந்த ஆளும் இதுவரை கேட்காத சைட் விசிட். போனை ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். உலகம்மாள் வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆளக் காட்டுத பழக்கம் நம்மகிட்ட இல்ல. வேணும்னா வந்து பாத்துக்கிடச் சொல்லு" என்றாள். 

"அத சொல்லத்தான் கூப்புட்டேன்" என்றான் பேச்சிராஜ். "வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டேன். மார்கழிக்குள்ள வந்திருவேன். பாலக் காய்ச்சிராத. நாலு வருசமா நீ பைப்பக் காட்டுன, டைல்ஸக் காட்டுன, ஒன் மொகத்த ஒருநா காட்டல உலகு. ஏர்போர்ட்ல எறங்கி ஆளு அடையாளம் தெரியாம முழிக்கக் கூடாதுல்லா, அதான் பாத்து வச்சிக்கிடலாம்னு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கேலியைப் பார் என்று நினைத்துக்கொண்டே திரும்பி, போனைப் பிடுங்கி இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். திரை முழுக்க அவன் முகம் இருந்தது. காதோரம் பஞ்சாக நரைத்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. தடித்த ஒரு கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் சிறுத்துத் தெரிந்தன. திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"கண்ணாடி எப்பம் போட்டிய?" என்று கேட்டாள்.

அவன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். 

"அது ஆச்சு, ரெண்டு வருசம்" என்றான்.