அம்மாவுக்கு மடங்காத துப்பாக்கி

நன்றாகச் சுடுகிற காற்றுத் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, இன்னும் அழுத்தமான ஸ்பிரிங் போடலாமா என்று என் மகன் ஒரு வாரமாகத் தவிக்கிறான். உள்ளே இருக்கும் தோல் வாஷருக்கு அவன் தடவிய விளக்கெண்ணெயின் வாசனை என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் அப்பாவும் இப்படித்தான் தவித்தார். சோளக்காட்டில் கிளி விரட்ட அவர் வாங்கிய காற்றுத் துப்பாக்கி அது. பரண்மேல் நின்று அம்மா சுட்டால் குறி தப்பாது. அப்பா சுட்டால் கிளிகள் பாட்டுக்குச் சோளம் தின்னும்.

"ஏனுங்க, நல்லாத்தானுங்களே சுடுது?" என்றாள் அம்மா.

"வேகம் பத்தல புள்ள" என்ற அப்பா, திருச்செங்கோட்டுக் கொல்லரிடம் போய்ப் புது ஸ்பிரிங் போட்டு வந்தார்.

மறுநாள் அம்மா குண்டு போடத் துப்பாக்கிக் குழாயை மடக்கப் பார்த்தாள். முழங்காலில் வைத்து அழுத்தினாள், கல்லில் ஊன்றி அழுத்தினாள். மடங்கவில்லை. அப்பா வாங்கி ஒரே அழுத்தில் மடக்கிச் சுட்டார். குண்டு எங்கோ போனது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியைப் பார்த்தேன்.

அம்மா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கிளி விரட்டப் போனாள்.

"போட்டுறட்டுமாம்மா?" என்கிறான் மகன்.

"உம் பொண்டாட்டி எப்படிச் சுடறா?" என்று கேட்கிறேன்.

அவன் ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.