இரண்டு அங்குலம் உயர்ந்து அந்தோணி கொட்டாய்க்கு

காலை ஆறு பத்துக்கு ஓசூரை விட்டோம். நான், என் வீட்டுக்காரி ஆரோக்கியம், இருபத்தாறு வருஷமான என் ஜீப்பு. மூன்று பேரில் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றது ஜீப்புதான். பழைய உயரத்துக்கு மேல் இரண்டு அங்குலம்.

போகிற இடம் ராயக்கோட்டைக்கு மேலே அந்தோணி கொட்டாய் என்கிற குக்கிராமம். ராயக்கோட்டை வரை என் மீட்டரில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் தார் ரோடு. அதற்குமேல் நாலு கிலோமீட்டர் கல்லும் குழியும். அங்கேதான் ஆரோக்கியத்தின் அக்கா தெரசம்மா இருக்கிறார். அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இவளுக்கு இடுப்பு வலி. மூன்று வருஷமாக முகம் பார்க்கவில்லை, போனில்தான் பேச்சும் அழுகையும். என் மகனுடைய புதுக் கார் அந்தப் பாதையில் முதல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டது. ஜீப்புகூட பாதி வழியில் ஒரு பாறையில் வயிறு தட்டி நிற்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூட்டை தூக்கி, லாரி ஓட்டி, இன்றைக்கு ஒன்பது லாரிக்கு முதலாளி. வண்டியைப் பற்றி எனக்கு யார் சொல்ல வேண்டும்? போன மாதம் லாரிக்குச் செய்கிற மாதிரியே ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு தடிப் பட்டை சேர்த்தேன். வண்டி உயர்ந்தது உண்மை. ஆனால் அக்கா வீட்டுக்குக் கிளம்பினபோது ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து அடித்தது. கெலமங்கலம் பஸ் நிறுத்தத்தில் ஆரோக்கியம் இறங்கிவிட்டாள்.

"லாரிக்காரரே, நீங்க போங்க. நான் ஒண்ணும் லோடு இல்ல. இன்னும் ஒரே தடவ உக்காருவேன். அதுலயும் இடுப்பு புடிச்சா, அக்காவ இனிமே போட்டோவுலயே பாத்துக்கறேன்."

அந்த ஒரே தடவைதான் இந்தப் பயணம்.

அதற்கும் இதற்கும் நடுவில் சூளகிரியில் நாகராஜைப் பிடித்தேன். சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வேன்களுக்கு ஸ்பிரிங் கட்டுகிறவன். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். "நாலு அங்குலம் தூக்குப்பா" என்றேன். சிரித்தான்.

"நாலு தூக்கினா வளைவுல ஆடும் ஐயா. ரெண்டு போதும். தக்காளி நசுங்கினா சத்தம் போடாது, அம்மா போடுவாங்க."

நான் சேர்த்த பட்டைகளைக் கழற்றி மூலையில் வீசினான். மெல்லிய பட்டைகளைக் கூடுதலாக வளைத்து, இடையில் கிரீஸ் தடவி அடுக்கினான். நீளமான ஷாக் அப்சார்பர், அதற்கேற்ற பிரேக் ஹோஸ். இரண்டு நாள் வேலை, இருபத்தேழாயிரம் ரூபாய். சரியான ஆளைக் கண்டுபிடிப்பதும் ஒரு திறமைதான். அதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை.

ஆறு ஐம்பதுக்குக் கெலமங்கலம். அதே பஸ் நிறுத்தம். வேகத்தைக் குறைத்தேன்.

"எதுக்கு மெதுவாப் போறீங்க?"

"ஒருவேள எறங்குவியோன்னு..."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஏழு இருபதுக்கு ராயக்கோட்டை. சந்தையில் தக்காளிப் பெட்டிகள் மலையாகக் கிடந்தன, மூன்று பாஷையில் கூச்சல். டீ பன்னிரண்டு ரூபாய், அதில் பாதி நுரை. டயர்க் காற்றை முப்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறக்கினேன். கல் பாதையில் டயரும் ஒரு ஸ்பிரிங்தான்.

ஏழு ஐம்பதுக்கு அந்தப் பாறை. பாதைக்குக் குறுக்கே எருமை படுத்த மாதிரி கிடந்தது. ஆரோக்கியத்தை இறங்கி நிற்கச் சொன்னேன்.

"மாட்டேன். நான் எறங்கி வண்டி தாண்டினா, வண்டி ஒசந்துச்சா, பாரம் கொறஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்?"

முதல் கியரைப் போட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "வரட்டும்... வரட்டும்... ரெண்டு விரல் சந்து இருக்குது, வரட்டும்!" முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரமும் ஏறி இறங்கியது. உரசல் இல்லை, சத்தம் இல்லை. தொட்டிலை ஆட்டிவிட்ட மாதிரி ஓர் அசைவு, அவ்வளவுதான். பெரியவர் கைதட்டினார். நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். ஆரோக்கியத்தின் கை இடுப்புக்குப் போகவில்லை, தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தது.

எட்டு ஐந்துக்கு அந்தோணி கொட்டாய். தெரசம்மா கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். அக்காவும் தங்கையும் பிடித்த கையை விடவே இல்லை. நான் போய் ஜீப்பைத் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

மதியம் கேழ்வரகுக் களியும் கோழிக் குழம்பும். நாலு மணிக்குக் கிளம்பும்போது தெரசம்மா, "மறுபடி எப்ப தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் முந்திக்கொண்டாள்.

"மாசத்துல மொத ஞாயித்துக்கெழம வந்துடுவோம்க்கா. கோழி மட்டும் போதாது, இவருக்கு மீன் வாங்கி வை."

ஓசூரில் ஒன்பது டிரைவர்கள் என்னைக் கேட்காமல் லாரிச் சாவியைத் தொடமாட்டார்கள். என் வீட்டில் ஜீப்புக்குத் தேதி குறித்தாகிவிட்டது, என்னை யாரும் கேட்கவில்லை. ராயக்கோட்டை வரும்வரை விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.