கொழுந்தனின் எலும்பு

கணவன் இறந்த நாள்முதல் பாஞ்சாலி அம்மனிடம் கேட்ட வரம் ஒன்றே: கொழுந்தன் குணசீலன் விழ வேண்டும். கற்பூரம் ஏற்றும்போதும் அதையே கேட்டாள்.

ஆடித் திருவிழாவில் அம்மன் சப்பரத்தின் முன்தண்டைத் தாங்குவது அவர்கள் குடும்பத்தின் உரிமை. அவள் கணவன் கோவிந்தன் இடுப்பு நோவால் ஓர் ஆண்டு தயங்கி நின்றான். தம்பி குணசீலன் ஊர் நடுவே, "இன்னாண்ணா, நோவா? நடிக்கிறியா? பொடவ கட்டிக்கினு வூட்லயே குந்திக்கயேன்!" என்றான். கூட்டம் சிரித்தது. கோவிந்தன் தோள் கொடுத்தான். கோயில் இறக்கத்தில் தொடையெலும்பு முறிந்து விழுந்தவன் மீண்டும் எழாமலே உயிர் நீத்தான். முன்தண்டு குணசீலனுக்கு வாய்த்தது.

ஆண்டுகள் கழிந்தன. பாஞ்சாலி ஊரின் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியிருந்தாள். ஜவ்வாது மலைமக்களின் தசையையும் எலும்பையும் சேர்த்து ஆராய எலும்பு மருத்துவர், உணவியலார், நடையை அளக்கும் பொறியாளர் எனப் பல துறையினர் ஒரு குழுவாக மலையேறி வந்தனர். கைப்பிடியின் வலிமையை அளக்கும் கருவியைப் பலப்போட்டி என்றே ஆடவர் எண்ணினர். குணசீலனே முதலில் வந்தான்.

"பாத்துக்கடா சின்னராஜ், இரும்பு!" என்று கையை மடக்கிக் காட்டினான்.

"துரு புடிக்காம பாத்துக்க மாமா," என்றான் பக்கத்து வீட்டுச் சின்னராஜ்.

அடுத்துக் குதிகாலில் எலும்பின் அடர்த்தியை அளந்தனர். மருத்துவர் தேவயானி அவனைத் தனியே அழைத்தார். பாஞ்சாலியும் உடன் இருந்தாள்.

"தசை நல்லா இருக்குங்க. எலும்புதான் ரொம்ப மெலிஞ்சிருக்கு. உங்க அண்ணனுக்கும் இதே நோய் இருந்திருக்கலாம். பாரம் தூக்காதீங்க. போளூர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்கணும்."

வெளியே வந்ததும் குணசீலன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, ஊருக்குத் தெரிய வேணாம். தண்ட வுட்டா மானம் பூடும்."

"நான் யாருக்கும் சொல்லல. நீ தூக்கு," என்றாள். கேட்ட வரம் கைக்கெட்டிவிட்டது என்று அன்று அவள் அம்மனைத் தொழுதாள்.

திருவிழா வந்தது. தண்டு தாங்குவோரின் கால்களை வீட்டு மூத்த பெண், கைம்பெண்ணாயினும், மஞ்சள் நீரால் கழுவுவது அவ்வூர் முறை. குனிந்து குணசீலனின் காலைக் கழுவியபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவன் விழுந்தால் ஊர் அழும். அம்மனுக்காக விழுந்தவன் என்று கொண்டாடும். கோவிந்தனுக்குக் கிடைத்ததோ சிரிப்பு. இந்தப் பழி போதாது.

அவள் அவன் கணுக்காலை இறுகப் பற்றினாள்.

"கால வுடு அண்ணி, நேரமாவுது."

"சொன்னா வுடறேன்."

"இன்னா சொல்லணும்?"

"உங்கண்ணன் நடிக்கலன்னு. உனக்கும் அதே எலும்புதான்னு. உன் வாயாலயே சொல்லு."

மேளம் நின்றது. எல்லாரும் பார்த்தனர். குணசீலன் தலை கவிழ்ந்தான்.

"எனக்கு எலும்பு உளுத்துடுச்சி. தூக்க முடியாது. எங்கண்ணன் நடிக்கல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலி அந்தச் சிரிப்பை முழுவதும் கேட்டபின்பே பிடியைத் தளர்த்தினாள். முன்தண்டில் சின்னராஜ் தோள் கொடுத்தான்.

போளூரில் நோய் உறுதியானது. இப்போது வாரந்தோறும் மாத்திரையோடு குணசீலன் வீட்டு வாசலில் நிற்பவள் அவளே. அவன் கை நீட்டியே வாங்க வேண்டும். அவள் கண்முன்னே விழுங்க வேண்டும்.

"அந்தப் பாவிக்கு மருந்து குடுக்கறியே, இன்னா மனசுடி உனக்கு!" என்று அடுத்த வீட்டுச் செல்லி வியந்தாள்.

"செத்தா மறந்துடுவான் செல்லி. ரொம்ப நாளு இருக்கட்டும்," என்றாள் பாஞ்சாலி.