மீன்குஞ்சுகளோடு காஞ்சிபுரம்: டீசல் ஏறாத வண்டியில் ஒரு பயணம்

சொந்த வண்டியில் காஞ்சிபுரம் போகப்போகிறோம், வழி எப்படி, எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். கோயில்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்த்தது ஒரு டீசல் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில், நான்கு தகர டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

என் வீட்டுக்காரர் சண்முகத்தின் ஊர் கூரம். காஞ்சிபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல இருக்கும். இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த ஊர் ஏரி அந்த ஐப்பசியில் நிரம்பிவிட்டது. மீன் வளர்க்கலாம் என்று ஊரார் கூடிப் பேசி, செங்கல்பட்டுப் பக்கத்துப் பண்ணையிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவரும் பொறுப்பை இவரிடம் விட்டார்கள். வண்டி இவருடைய நண்பரிடம் இரவல் வாங்கியது. பண்ணைக்காரர் குஞ்சுகளை அள்ளிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், இந்த மழைக்கு இவ்வளவுதான், இனி அடுத்த வருஷம் வந்தால்தான் உண்டு என்று.

விடிந்ததும் கிளம்பினோம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கட்லா, ரோகு குஞ்சுகள். டிரம்களின் வாயில் ஈர வலை கட்டியிருந்தது. வண்டி ஓடும்வரை பயமில்லை, குலுங்கும்போது தண்ணீரில் காற்று கலந்துவிடும், நின்றால் மட்டும் கையை விட்டு அளைந்துகொண்டே இருங்கள் என்றார் பண்ணைக்காரர்.

"நின்னா எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"நிக்காம போங்கம்மா" என்றார்.

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் இருபத்திரண்டு கிலோமீட்டர். பாலாற்றை ஒட்டிய சாலை, நல்ல காற்று. வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால் வண்டி இருமியது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் தள்ளாடி நின்றுவிட்டது. இவர் பானட்டைத் திறந்து, டீசலை ஏற்றிவிடும் கைப்பம்பைக் கொஞ்ச நேரம் அடித்தார். மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. டீசல் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்றார். வாலாஜாபாத்தில் வாங்கிய இட்லிப் பொட்டலம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூபாய்க்குள் முடிந்தது. நான் ஒரு கையால் தின்றேன், மறு கை டிரம்முக்குள் இருந்தது.

அதன் பிறகு வழியில் இன்னும் இரண்டு தடவை நின்றது. நின்றால் சற்று நேரத்தில் கிளம்பும், கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், மறுபடி மூச்சு வாங்கும். காஞ்சிபுரத்துக்குள் நுழைந்து, ஒரு நெசவாளர் தெருவின் முனையில் அடியோடு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கிளப்பியதில் பாட்டரியும் ஓய்ந்துவிட்டது.

தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறிக்கான பட்டு நீள நூல்களை, இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த பெண் எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், வண்டிய உள்ள உட்றாதே! பாவு கட்டிக்கினு இருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

இவர் பதில் சொல்லும் முன்னே அவள் பார்வை என்மேல் விழுந்தது. நான் இரண்டு கைகளையும் இரண்டு டிரம்களில் விட்டு அளைந்தபடி அழுதுகொண்டிருந்தேன். பாவின் முனையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அய்யய்யோ, மூச்சுக்குத் தவிக்குதேம்மா" என்றாள்.

பக்கத்திலேயே ஒரு கிணறு இருந்தது. நான் வாளியோடு குதித்து ஓடினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்தக் கெணறு வாணாம்மா. சாயப்பட்டறைத் தண்ணி எறங்கியிருக்குது. ஊத்தினா ஒண்ணு தங்காது." தன் வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்கு என்னை இழுத்துப் போனாள். பாவு கட்டி முடித்த ஆண்கள் ஆளுக்கொரு குடத்தோடு வந்தார்கள். பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு வெளியே கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டோம். அந்தப் பெண்ணின் பெயர் ராஜம்மா. பிறந்த ஊர் முசரவாக்கம். "ஏரிக்கரையிலேயே வளந்தவ நான், மீனு எனக்குப் புதுசா?" என்றாள்.

அதற்குள் அவள் கணவர் சைக்கிளில் போய் மெக்கானிக் ஆரோக்கியத்தை அழைத்து வந்தார். லாரிகளும் ஆயில் எஞ்சின்களும் பார்ப்பவர். முதலில் டீசல் ஃபில்டரைக் கழற்றினார். அழுக்காகத்தான் இருந்தது. புதிது மாட்டி, நான்கு பேர் தள்ளிக் கிளப்பினார்கள். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு மறுபடி அடங்கியது.

"ஃபில்டர் இல்லபா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

பிறகு எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பின் வெளிவாயில் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினார். தள்ளிக் கிளப்பி எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முள் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கியது.

"பிரஷர் நிக்கல. பம்பு போயிருக்குது. வேற பம்பு மெட்ராஸ்லேந்து வரணும்."

மெட்ராஸ் போய் வருவதற்குள் டிரம்மில் எதுவும் மிஞ்சாது. இவர்தான் யோசித்துக் கேட்டார். "அண்ணா, பம்பு போயிருந்தா, நின்னு எடுத்ததும் எப்படி நல்லா ஓடுது?"

ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்பா. இரு, ஒண்ணு பாத்துடலாம்."

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றினார். அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் குழாயைப் பம்பில் மாட்டி, அதன் மறு முனையைச் சுத்தமான டீசல் நிரப்பிய டின்னுக்குள் விட்டார். மறுபடி தள்ளிக் கிளப்பினார்கள். முள் ஏறியது. இறங்கவில்லை. அப்படியே நின்றது. அந்த முள்ளைப் பார்த்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது.

"பம்பு தங்கமா இருக்குது! டேங்க்லதான் கோளாறு!"

டேங்கை வடித்து, உள்ளே இறங்கும் குழாயை உருவினார்கள். டேங்கின் அடியிலிருந்து உள்ளங்கையளவு துணி ஒன்று வெளியே வந்தது. எப்போதோ மூடிக்குப் பதில் யாரோ அடைத்த துணி உள்ளே விழுந்திருக்கிறது. வண்டி ஓடும்போது உறிஞ்சுகிற வேகத்தில் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். நின்றதும் கழன்று கீழே போய்விடும். இவரும் ஆரோக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு டிரம்மில் பாதிக் குஞ்சுகள் மல்லாந்துவிட்டன.

"செத்ததை எடுத்துப் போட்ரு, இல்லன்னா மத்ததும் கெட்டுடும்" என்ற ராஜம்மா, டேங்கை மாட்டி முடித்ததும் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். "நாலு டிரம்முக்கு நீ ஒருத்தி எப்பிடிமா பத்துவே?" தறி வேலை என்னாவது என்று கேட்டேன். "தறி ஓடிப்போவுதா? நீ அளை" என்றாள்.

கூரம் வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. ஏரிக்கரையில் ஊரே காத்திருந்தது. டிரம்களை இறக்கி, ஏரித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, மெல்லச் சாய்த்தோம். அந்த ஒரு டிரம்மில் பாதி வீண். மற்ற குஞ்சுகளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஓடின. முழங்கால் தண்ணீரில் நின்ற ராஜம்மா, "போ போ, நல்லா தின்னு பெருசாவு" என்று குஞ்சுகளை வழியனுப்பினாள். அழுகையும் சிரிப்புமாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான் நான் அன்று சொன்ன நன்றி.

கோடையில் முதல் வலை போட்டதும் பெரிய மீன்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கும் ஆரோக்கியத்தின் பட்டறைக்கும் போனோம். "அன்னிக்குக் கொசு மாதிரி இருந்துதே!" என்று அவர் கட்லாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

இனி, டீசல் வண்டியில் போகிறவர்களுக்கு. வண்டி நின்று நின்று ஓடினால் பம்பை மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் ஃபில்டர், பிறகு குழாய் இணைப்புகள், பிறகு டேங்க். டின் டீசலில் ஓட்டிப் பார்த்தால் கோளாறு டேங்க் பக்கமா பம்பிலா என்று தெரிந்துவிடும். டேங்க் மூடி தொலைந்தால் அன்றே வேறு வாங்கிப் போடுங்கள். உயிருள்ள எதையாவது ஏற்றிப் போனால், வழியில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

கோயில் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். மீன் விட்ட மறு வாரம் பார்த்தோம். ராஜம்மாதான் கூட்டிப்போனாள். வெளியே வந்ததும், "இன்னாம்மா வேண்டிக்கினே?" என்று கேட்டாள். எதுவும் கேட்கத் தோன்றவில்லை, உங்கள் தெருக்காரர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். அவள், "வா, காபி சாப்புடலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.