சூட்டியின் நெஞ்சில் தெரிந்த புள்ளி

அம்மனை நம்பும் சகோதரிகளே, நான் பொறுமைசாலி இல்லை. சாமியிடம்கூட எனக்குச் சண்டைதான் வரும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் நாய் சூட்டிக்கு ஆறு வயது. அல்சேஷன் கலப்பு, கரடி மாதிரி முடி. பிள்ளையில்லாத எங்களுக்கு அவன்தான் பிள்ளை. மாசி மகத்துக்கு முன்னால் முன்காலை ஊன்றாமல் நொண்ட ஆரம்பித்தான். எண்ணெய் தடவினோம். கால் வீங்கியதுதான் மிச்சம். மாத்தளை டவுனில் மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பை அரித்திருக்கிறது, புற்றுநோய் போலத் தெரிகிறது என்றார். நெஞ்சையும் படம் எடுக்க வேண்டுமாம். நுரையீரல் சுத்தமாக இருந்தால் காலை எடுத்துவிட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். அங்கேயும் பரவியிருந்தால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடுவதுதான் நல்லதாம்.

மறுநாள் யட்டவத்தயில் இருக்கும் என் ஆபீசுக்கு லீவு சொன்னேன். அம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை நூலில் கோர்த்து, வலிக்கிற காலுக்குப் பக்கத்தில் அவன் நெஞ்சைச் சுற்றிக் கட்டினேன். முடிக்குள் அது தெரியவே இல்லை.

அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோனேன். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. சூட்டி வலியில் மறுபக்கம் படுக்க மறுத்ததால் ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. பரவிவிட்டது போலிருக்கிறது, வெள்ளிக்கிழமை ஊசி போடக் கொண்டுவாருங்கள் என்றார் வைத்தியர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை என்று நாத்தனார் வேறு கேட்டாள். வியாழக்கிழமை சாயந்தரம் கோவிலில் நின்று, அந்தப் புள்ளியை எடு, இல்லாவிட்டால் இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

பின்னால் நின்ற பெண் என்ன புள்ளி என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவராம். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஒரு பக்கத்துப் படத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்கக்கா. மயக்கம் குடுத்தாவது மத்தப் பக்கமும் எடுக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பிடிவாதம் பிடித்தேன். வைத்தியர் சலித்துக்கொண்டே மயக்கம் கொடுத்து மறுபக்கமும் எடுத்தார். புள்ளி இடம் மாறி, கீழே இறங்கியிருந்தது. இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தவர், உள்ளே இருக்கிற கட்டி இப்படி நகராதே என்று எழுந்து போய்ச் சூட்டியின் முடிக்குள் கையை விட்டு மஞ்சள் துண்டை வெளியே இழுத்தார்.

"இதென்ன மிஸ்?"

அம்மனுக்கு நேர்ந்து கட்டியது என்றேன். அதைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் எடுத்த படங்களில் புள்ளியே இல்லை.

"நீ கட்டினத எடுக்கச் சொல்லி நீயே அம்மன்கிட்ட சண்ட போட்டிருக்க" என்றார் என் வீட்டுக்காரர். இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்தப் பெண்ணை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

காலை எடுத்தார்கள். சூட்டி மூன்று காலில் என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறான். எத்தனை காலத்துக்கு என்று வைத்தியர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது எதைப் பார்த்தாலும் மறுபக்கத்தையும் பார்க்காமல் கத்துவதில்லை, அதாவது முன்னைப்போல் அவ்வளவு கத்துவதில்லை.

நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். சூட்டியை நோயிடமிருந்து காப்பாற்றினாளோ என்னவோ, என்னிடமிருந்து காப்பாற்றிவிட்டாள்.