களவெட்டியில் கேட்ட கேள்வி

விவசாய வணிகம் படிப்பதில் ஒரு வசதி உண்டு: விவசாயியும் நம்மை நம்ப மாட்டார், வியாபாரியும் நம்ப மாட்டார். வயல்காரர் வீட்டில் பிறந்து டிப்ளோமாவுக்கு ஆசைப்பட்டவர்களே, என் கதையைக் கேட்டாவது கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

வவுணதீவில் வாவியை ஒட்டி எங்களுக்கு வயல் இருக்கிறது. நான் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பாவோடு ஒரு பேச்சு. மாரிமழைக்குச் செய்யும் பெரும்போகம் சரிவந்தால் அடுத்த போகத்தை நானே பொறுப்பெடுத்துச் செய்வது. சரிவராவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நான் கொழும்புப் பக்கம் காமன்ட்ஸ் ஆடை ஆலைக்கு வேலைக்குப் போவது.

பஸ்ஸில்

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சந்தைப்படுத்தல், பெறுமதி சேர்த்தல் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார், பாவம். கடைசியில் சொன்னார்: "வயல் செய்யவா புள்ள படிக்கிறாய்? வயலுக்குள்ள இறங்காம இருக்கத்தானே எல்லாரும் படிக்கிற!"

பொதி

குழுச் செயற்றிட்டத்துக்குச் சிவப்பரிசி பொதி செய்தோம். லேபலில் கதிர் வலப்பக்கம் சாய்வதா, இடப்பக்கம் சாய்வதா என்று சண்டை பிடித்தே கல்லூரித் தவணை போனது. அரிசியை யாரும் புடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் மற்றவர் புடைத்திருப்பார் என்று நினைத்திருக்கிறோம்.

காத்தான்குடியில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் கொண்டுபோனோம். பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினார். பிறகு பிரித்து, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். "பொதி நல்ல வடிவு மகள். கல்லுக்கும் ஒரு லேபல் அடிச்சா ரெண்டையும் விக்கலாம்."

களவெட்டி

மேட்டு வட்டை வயல்வெளியில் மாமாவின் வயல்தான் முதலில் அறுவடைக்கு வெட்டானது. மெசின் வெட்டினாலும் அவர் நெல்லைச் சூடடிக்கும் களமான களவெட்டியில் குவித்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் மூடை கட்டுவார். அங்கே 'இல்லை', 'குறைவு', 'நட்டம்' என்ற பேச்சே எடுக்கக்கூடாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். ஆனால் கல்லூரி தந்த ஆய்வுக் கேள்விகளில் முதலாவதே அதுதான்.

"மாமா, இந்தமுறை நட்டம் எவ்வளவு வரும்?"

சாக்கைப் பிடித்திருந்த கூலிக்காரர் கையை விட்டுவிட்டார். நெல் மண்ணில் கொட்டியது. மாமாவின் முகம் கறுத்துப்போனது. "கொம்மா உன்னப் படிக்கவா அனுப்பின, எங்கட களத்துக்கு நாவூறு வைக்கவா அனுப்பின?"

மழை

மாமாவின் நெல் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. எங்கள் வயல் வெட்ட இருந்த நேரத்தில் மழை பிடித்தது. வாவி ஏறி வந்து, எது வயல் எது வாவி என்று தெரியாமல் போனது. எல்லாம் என் வாயால் வந்த வினை என்று சொந்தக்காரர் சொன்னார்கள். மாமாவின் களத்தில் கேட்டதற்கு எங்கள் வயலில் எப்படி வெள்ளம் வரும் என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அறைக்குள் போய் அழுதேன்.

தண்ணீர் வடிந்ததும் அப்பாவோடு போனேன். சாய்ந்து கிடந்த கதிர்களில் நெல் முளைத்திருந்தது. அப்பா ஒரு கதிரைப் பிடுங்கி, முளையைக் கிள்ளிப் பார்த்தார். 'நட்டம்' என்ற சொல்லை ஒருநாளும் வாயில் எடுக்காத மனிதர். என்னை ஏசவில்லை. "மாமாட்டக் கேட்டியே புள்ள, அத இப்ப என்னட்டக் கேள். நான் சொல்றன்."

நான் கேட்கவில்லை. பேசியபடி வயல் குத்தகைக்குப் போனது. இலாப நட்டப் பாடத்தில் எனக்கு அதிவிசேட சித்தி, ஆக உயர்ந்த தேர்ச்சி, என்று செய்தி வந்தபோது, காமன்ட்ஸில் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன்.